ரிஷபகுஞ்சரம்

ரிஷபகுஞ்சரம் என்பது ஒரு காளையும் ஒரு யானையும் ஒரே தலையைப் பகிர்ந்துகொள்ளுமாறு அமைக்கப்படும் சிற்ப உருவம் ஆகும். ரிஷபம் என்பது காளையையும் குஞ்சரம் என்பது யானையையும் குறிக்கும். தமிழ்நாட்டின் தஞ்சாவூர் மாவட்டத்தில், கும்பகோணத்தை அடுத்துள்ள தாராசுரம் ஐராவதேசுவரர் கோயிலில் காணப்படும் ரிஷபகுஞ்சரம் இவ்வகைச் சிற்பங்களுள் பரவலாக அறியப்பட்டதாகும். ஒரு பக்கத்து உடலோடு சேர்த்து நோக்கும்போது காளையின் தலையாகத் தெரியும் அதே கல், மறுபக்கத்து உடலோடு சேர்த்து நோக்கும்போது யானையின் தலையாகத் தெரிகின்றது. கல் மாறுவதில்லை, கண்ணுக்குள் விழும் பிம்பத்தில் தலையின் வடிவமும் மாறுவதில்லை, காட்சி மட்டும் மாறுகின்றது. பார்வை என்பது கண்ணில் தொடங்கி மூளையில் நிறைவு பெறும் செயல் என்பதை விளக்க இச்சிற்பம் ஓர் எளிய சான்றாக அமைகின்றது.

கோயிலும் சிற்பமும்

ஐராவதேசுவரர் கோயில் 12ஆம் நூற்றாண்டில் இரண்டாம் இராஜராஜ சோழனால் கட்டப்பட்டது. சக்கரங்கள் பூட்டிய, குதிரைகள் இழுக்கும் தேர் போல அமைந்த முன்மண்டபமும், நாயன்மார் வரலாறுகளைக் கூறும் சிறு புடைப்புச் சிற்பங்களும் இக்கோயிலின் சிறப்புகளாகும். தஞ்சைப் பெரிய கோயில் 1987இல் யுனெசுக்கோவின் உலகப் பாரம்பரியக் களமாக அறிவிக்கப்பட்டது. 2004இல் தாராசுரமும் கங்கைகொண்ட சோழபுரமும் அதனுடன் சேர்க்கப்பட்டன.

ரிஷபகுஞ்சரம் அளவில் சிறிய புடைப்புச் சிற்பம். இரு விலங்குகளும் ஒன்றையொன்று நோக்கி நிற்பது போல இரு உடல்கள் எதிரெதிராகச் செதுக்கப்பட்டுள்ளன. இவை சந்திக்கும் இடத்தில் இரண்டுக்கும் பொதுவாக ஒரே தலை உள்ளது. யானையின் உடலைக் கையால் மறைத்தால் தலையை உயர்த்தி நிற்கும் காளை மட்டும் தெரியும். காளையின் உடலை மறைத்தால் யானை மட்டும் தெரியும். கோயிலுக்கு வருவோருக்கு வழிகாட்டிகள் இவ்வாறே இதைக் காட்டுவது வழக்கம். பல நூற்றாண்டுகளைக் கடந்த சிற்பம் என்பதால், கல்லைத் தொடாமல் கண்ணுக்கும் சிற்பத்துக்கும் இடையே கையைப் பிடித்தும் இதைக் காணலாம். பிற்காலத்தில் விஜயநகர காலக் கோயில்களிலும் இவ்வுருவம் இடம்பெற்றது.

கண்ணில் நிகழ்வது

சிற்பத்தின் மீது பட்டுத் திரும்பும் ஒளி, கண்ணின் முன்புறமுள்ள கருவிழிப் படலத்தாலும் அதன் பின்னுள்ள வில்லையாலும் குவிக்கப்பட்டு விழித்திரையில் விழுகின்றது. அங்கு உருவாகும் பிம்பம் தலைகீழானது. இதை 1604இல் செருமானிய வானியலாளர் யோகான்னசு கெப்ளர் விளக்கினார்.

விழித்திரையில் ஒளியை உணரும் இருவகை உயிரணுக்கள் உள்ளன. மங்கிய ஒளியில் செயற்படும் கோல் உயிரணுக்கள் சுமார் 12 கோடியும், நிறத்தையும் நுட்பமான விவரங்களையும் உணரும் கூம்பு உயிரணுக்கள் சுமார் 60 இலட்சமும் ஒவ்வொரு கண்ணிலும் இருக்கின்றன. ஆனால் கண்ணிலிருந்து மூளைக்குச் செல்லும் பார்வை நரம்பில் ஏறத்தாழ 10 இலட்சம் இழைகளே உள்ளன. எனவே விழித்திரை தான் பெற்ற அனைத்தையும் அப்படியே அனுப்புவதில்லை. ஒளியளவு மாறும் விளிம்புகள் போன்ற பயனுள்ள செய்திகளைத் தேர்ந்து, சுருக்கி அனுப்புகின்றது.

மேலும், மிகத் தெளிவாகக் காணும் பகுதி விழித்திரையின் நடுவிலுள்ள சிறு குழி மட்டுமே. கையை நீட்டிப் பிடிக்கும்போது கட்டைவிரல் நகம் எவ்வளவு அகலமாகத் தெரியுமோ, ஏறத்தாழ அவ்வளவு இடமே ஒரு நேரத்தில் கூர்மையாகத் தெரியும். இதனால் கண்கள் நொடிக்குச் சுமார் 3 முறை இடம்விட்டு இடம் தாவிக்கொண்டே இருக்கின்றன. சிற்பம் முழுவதும் ஒரே நேரத்தில் தெளிவாகத் தெரிவதாக நாம் உணர்வது, இத்தாவல்களில் கிடைத்த துண்டுகளை மூளை இணைப்பதன் விளைவே ஆகும்.

பார்வை நரம்பு விழித்திரையை விட்டு வெளியேறும் இடத்தில் ஒளியுணர் உயிரணுக்கள் இல்லை. இது குருட்டிடம் எனப்படும். ஒரு தாளில் 8 செ.மீ. இடைவெளியில் இடப்பக்கம் ஒரு கூட்டல் குறியும் வலப்பக்கம் ஒரு கரும்புள்ளியும் இட்டு, இடக்கண்ணை மூடிக்கொண்டு வலக்கண்ணால் கூட்டல் குறியை நோக்க வேண்டும். தாளைக் கண்ணிலிருந்து ஏறத்தாழ 30 செ.மீ. தொலைவில் முன்னும் பின்னும் நகர்த்தினால் ஓரிடத்தில் புள்ளி மறையும். அவ்விடத்தில் கருமையோ ஓட்டையோ தெரிவதில்லை; தாளின் வெண்மையே தெரியும். சுற்றியுள்ளதைக் கொண்டு மூளை அவ்விடத்தை நிரப்பிவிடுகின்றது.

கண்ணிலிருந்து மூளைக்கு

இரு கண்களிலிருந்தும் வரும் பார்வை நரம்புகள் மூளையின் அடிப்பகுதியில் சந்திக்கின்றன. அங்கு ஒவ்வொரு கண்ணின் இழைகளிலும் ஒரு பகுதி எதிர்ப்பக்கத்திற்குக் கடந்து செல்கின்றது. இதன் விளைவாக, நமக்கு இடப்புறம் உள்ளவை மூளையின் வலப்பாதிக்கும், வலப்புறம் உள்ளவை இடப்பாதிக்கும் சென்று சேர்கின்றன. சிற்பத்தின் நடுவிலுள்ள தலையை ஒருவர் உற்று நோக்கும்போது, காளையின் உடல் மூளையின் ஒரு பாதியிலும் யானையின் உடல் மறுபாதியிலும் முதலில் பதிவாகின்றன.

இவ்விழைகள் தலாமசு என்னும் பகுதியில் முடிவடைகின்றன. அங்கிருந்து வேறு நரம்பிழைகள் தலையின் பின்புறம், பிடரி மடலில் உள்ள முதன்மைப் பார்வைப் புறணிக்குச் செய்தியை எடுத்துச் செல்கின்றன. அப்புறணியிலுள்ள நரம்பணுக்கள் குறிப்பிட்ட சாய்வுடைய கோடுகளுக்கும் விளிம்புகளுக்கும் மட்டும் கிளர்ச்சியடைபவை என்று தேவிட் ஊபெல், தோர்சுடன் வீசல் ஆகியோர் கண்டறிந்தனர். இவ்வாய்வுகளுக்காக அவர்கள் 1981இல் மருத்துவத்துக்கான நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டனர். முதன்மைப் புறணியின் நிலையில் சிற்பம் காளையும் அன்று, யானையும் அன்று. அது வெவ்வேறு சாய்வுடைய கோடுகளின் தொகுப்பு மட்டுமே.

அதன் பின்னர் செய்தி இரு பெரும் பாதைகளில் பிரிகின்றது. பொட்டு மடலை நோக்கிச் செல்லும் கீழ்ப்பாதை, காண்பது என்ன என்பதை அறிய உதவுகின்றது. சுவர் மடலை நோக்கிச் செல்லும் மேற்பாதை, அது எங்குள்ளது, அதை நோக்கிக் கையை எவ்வாறு நீட்டுவது என்பவற்றுக்கு உதவுகின்றது. கீழ்ப்பாதை பாதிக்கப்பட்டோர் சிலர், பொருள்களைத் தெளிவாகக் கண்டும் அவை இன்னவை என்று கூற இயலாத நிலையை அடைகின்றனர்.

ஒரே உருவம், இரு காட்சிகள்

பார்வைச் செய்தி ஒரு திசையில் மட்டும் செல்வதில்லை. உயர்நிலைப் பகுதிகளிலிருந்து கீழ்நிலைப் பகுதிகளுக்குத் திரும்பி வரும் இணைப்புகளும் ஏராளமாக உள்ளன. தலாமசின் பார்வைப் பகுதியில், விழித்திரையிலிருந்து வரும் இணைப்புகளைவிடப் புறணியிலிருந்து வரும் இணைப்புகளே அதிகம். முன்னறிவும் சூழலும் காட்சியைப் பாதிப்பதற்கு இத்தகைய இணைப்புகள் வழி செய்கின்றன.

செருமானிய அறிவியலாளர் எர்மன் எல்மோல்ட்சு 19ஆம் நூற்றாண்டிலேயே, காட்சி என்பது மூளை தன்னையறியாமல் செய்யும் ஓர் உய்த்துணர்வு என்று கருதினார். ரிஷபகுஞ்சரத்தின் தலைக்கோடுகள் இரு முடிவுகளுக்கும் இடமளிக்கின்றன. அருகிலுள்ள உடல் எது என்பதைக் கொண்டு மூளை ஒரு முடிவை எடுக்கின்றது. இரு உடல்களும் தெரியும்போது முடிவு மாறி மாறி அமைகின்றது. ஓர் உடலை மறைத்தால் போட்டி நீங்கி ஒரு முடிவு நிலைபெறுகின்றது. ஆனால் ஒரே நேரத்தில் அத்தலையைக் காளையாகவும் யானையாகவும் காண்பது மிகக் கடினம்.

இவ்வாறு மாறித் தோன்றுவதற்கு முன்னறிவும் துணை செய்கின்றது. அமெரிக்க உளவியலாளர் இர்வின் ராக் குழுவினர் 1977இல் வெளியிட்ட ஆய்வில், உருவம் இருவகையாகத் தோன்றக்கூடியது என்று முன்னரே அறியாதவர்களுள் பலருக்குக் காட்சி மாறவே இல்லை. வழிகாட்டி சொன்ன பின்னரே இரண்டாவது விலங்கு சிலருக்குத் தெரிவதற்கு இதுவும் ஒரு காரணம் ஆகலாம்.

பிற இருபொருள் உருவங்கள்

பார்வை ஆய்வில் இத்தகைய உருவங்கள் நெடுங்காலமாகப் பயன்பட்டு வருகின்றன.

சுவிட்சர்லாந்து படிகவியலாளர் நெக்கர் 1832இல் விவரித்த கனசதுரக் கோட்டுப்படத்தில், முன்முகமும் பின்முகமும் இடம் மாறித் தோன்றும்.
1892இல் ஒரு செருமானிய நகைச்சுவை இதழில் வெளியான வாத்து-முயல் படத்தை, அமெரிக்க உளவியலாளர் சோசப் சாசுட்ரோ 1899இல் ஆய்வுலகில் பரவலாக்கினார்.
தென்மார்க்கு உளவியலாளர் எட்கர் ரூபின் 1915இல் விவரித்த படத்தில், ஒரு பூச்சாடியோ எதிரெதிர் நோக்கும் இரு முகங்களோ தோன்றும்.

தாராசுரச் சிற்பம் இவையனைத்திற்கும் பல நூற்றாண்டுகள் முந்தியது. வாத்து-முயல் படத்தில் தலை மட்டுமே உள்ளது. ரிஷபகுஞ்சரத்திலோ தலைக்குப் பொருள் தரும் இரு உடல்களும் உடன் செதுக்கப்பட்டுள்ளன.

புடைப்பும் நிழலும்

புடைப்புச் சிற்பத்தின் மேடு பள்ளங்களை அறிய மூளைக்கு நிழல்கள் உதவுகின்றன. தமிழ்நாட்டில் பிறந்து, சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் பயின்ற நரம்பியல் அறிஞர் வி. எஸ். இராமச்சந்திரன் 1988இல் இது குறித்த ஆய்வுகளை வெளியிட்டார். ஒளி மேலிருந்து வருகின்றது, ஒளிமூலம் ஒன்றே என்னும் இரு எடுகோள்களை மூளை பின்பற்றுகின்றது என்பதை அவ்வாய்வுகள் காட்டின. மேற்பகுதி வெளிச்சமாக உள்ள வட்டம் மேடாகவும், கீழ்ப்பகுதி வெளிச்சமாக உள்ள வட்டம் பள்ளமாகவும் தெரியும். படத்தைத் தலைகீழாகத் திருப்பினால் மேடும் பள்ளமும் இடம் மாறும். இதே காரணத்தால், மேலிருந்து ஒளி விழும்போது எடுக்கப்பட்ட புடைப்புச் சிற்பத்தின் ஒளிப்படத்தைத் தலைகீழாக வைத்தால், உருவம் உட்குழிந்தது போலத் தோன்றக்கூடும்.

பார்க்கக் கற்றுக்கொள்ளுதல்

காட்சியை உருவாக்கும் இத்திறனை மூளை அனுபவத்தின் வழியே வளர்த்துக்கொள்கின்றது. பிறவியிலேயே பார்வையற்ற ஒருவர் தொட்டு அறிந்த உருண்டையையும் கனசதுரத்தையும், பார்வை பெற்ற உடனே கண்ணால் மட்டும் வேறுபடுத்தி அறிவாரா என்னும் வினாவை 1688இல் வில்லியம் மோலினோ எழுப்பினார். இந்தியாவில் பவன் சின்காவின் தலைமையில் நடைபெறும் பிரகாசு திட்டத்தின் ஆய்வாளர்கள் 2011இல் இதற்கு விடை தந்தனர். சிகிச்சையால் பார்வை பெற்ற 8 முதல் 17 வயதுடைய ஐவரை அவர்கள் ஆராய்ந்தனர். தொட்டு அறிந்த பொருளைக் கண்ணால் அடையாளம் காண அவர்களால் உடனே இயலவில்லை. ஆயினும் சில நாட்களிலேயே அத்திறன் வளரத் தொடங்கியது.

அதே திட்டத்தின் 2009ஆம் ஆண்டு ஆய்வில், புதிதாகப் பார்வை பெற்றோர் ஒரு பொருள் எங்கு முடிந்து மற்றொன்று எங்கு தொடங்குகின்றது என்று பிரித்தறிய இடர்ப்பட்டனர். பொருள் அசையும்போது அது அவர்களுக்கு எளிதாயிற்று. கோடுகளைத் தொகுத்துக் காளை என்றும் யானை என்றும் காண்பதற்கு முன்னர் மூளை இவ்வளவையும் கற்க வேண்டியுள்ளது.

குழந்தைப் பருவத்தில் ஒரு கண்ணிலிருந்து தெளிவான பிம்பம் வராவிட்டால், மூளை அக்கண்ணைப் புறக்கணிக்கப் பழகுகின்றது. இது சோம்பற் கண் எனப்படும். கண்புரை, மாறுகண், இரு கண்களுக்கும் இடையே அதிகம் வேறுபடும் பார்வைக் குறைபாடு ஆகியவை இதற்குக் காரணமாகலாம். பின்னர் கண்ணைச் சரிசெய்தாலும் இழந்த பார்வை முழுமையாகத் திரும்பாமல் போகலாம். ஆகவே குழந்தையின் கண்பாவை வெண்மையாகத் தெரிந்தாலோ, கண்கள் ஒரே திசையில் நோக்காவிட்டாலோ காலம் தாழ்த்தாமல் கண் மருத்துவரிடம் காட்ட வேண்டும். கண்ணாடி அணிதல், நல்ல கண்ணைச் சில மணி நேரம் மூடிவைத்து மற்றக் கண்ணுக்குப் பயிற்சி அளித்தல், தேவைப்படின் அறுவை ஆகியவை சிகிச்சை முறைகளாகும். இளவயதில் தொடங்கும் சிகிச்சையே கூடுதல் பயன் தரும்.