கர்ப்பகால எண்ணெய்த் தடவல்: மருத்துவச்சி முதல் மருத்துவமனை வரை

முன்னுரை

தருமபுரி மாவட்டத்தின் பொம்மிடி, சேர்வராயன் மலைத்தொடரின் அடிவாரத்தில், சேலம் – ஜோலார்பேட்டை இருப்புப் பாதையில் அமைந்த ஊர். இதுபோன்ற ஊர்களில் இரண்டு தலைமுறைக்கு முன்பு வரை பெரும்பாலான குழந்தைகள் வீட்டில்தான் பிறந்தன. இன்றும் கர்ப்பிணிப் பெண் இடுப்பு வலிக்கிறது என்றால், "நல்லெண்ணெயைக் காய்ச்சித் தேய்த்துவிடு" என்பார் பாட்டி. "வயிற்றில் கை வைத்து அழுத்தவே கூடாது" என்பார் கிராம சுகாதார செவிலியர். இருவரில் யார் சொல்வது சரி? இருவர் சொல்வதும் சரிதான். அது எப்படி என்பதை இந்த வழக்கத்தின் வரலாறு காட்டுகிறது.

மருத்துவச்சியின் இரு வேலைகள்

தமிழகச் சிற்றூர்களில் பேறு பார்த்தவர்கள் மருத்துவச்சிகள். இவர்களில் பலர் முடிதிருத்தும் தொழில் செய்த மருத்துவர் சமூகத்துப் பெண்கள். தாயிடமிருந்து மகளுக்கும், மாமியாரிடமிருந்து மருமகளுக்கும் கைப்பழக்கமாகவே இந்த அறிவு வந்தது. கூலியாகப் பெரும்பாலும் தானியமும் புடவையும் கிடைத்தன. உயிரைக் காத்த கைக்கு ஊரில் உரிய மதிப்பு கிடைக்கவில்லை.

அந்தக் கை இரண்டு வகை வேலை செய்தது. முதலாவது, வெதுவெதுப்பான நல்லெண்ணெய் அல்லது விளக்கெண்ணெய் கொண்டு இடுப்பு, முதுகு, கால்களை மெல்லத் தடவி நோவைத் தணிப்பது. இரண்டாவது, வயிற்றை அழுத்திக் குறுக்கே கிடக்கும் குழந்தையைத் திருப்புவது. வலி வந்தபின் மேல்வயிற்றை அமுக்கிக் குழந்தையைக் கீழே தள்ளுவது. அறுவை சிகிச்சை எட்டாத இடத்தில் வேறு வழியில்லாமல் செய்யப்பட்டது இது. ஆனால் வலுவான அழுத்தத்தால் நஞ்சுக்கொடி பிரிந்து இரத்தப்போக்கு ஏற்படலாம்; பேற்றின்போது கருப்பையே கிழியவும் கூடும். முதல் வேலை ஆறுதல் தந்தது. இரண்டாவது ஆபத்தைச் சுமந்தது. பார்ப்பவர்களுக்கோ இரண்டும் 'தேய்த்துவிடுதல்' என்ற ஒரே பெயரில்தான் தெரிந்தன.

மருத்துவ நூல்களில் தடவல்

ஆயுர்வேதத்தின் பழைய நூல்கள் மாதவாரியாகக் கர்ப்பிணியின் உணவையும் பராமரிப்பையும் சொல்கின்றன; இறுதி மாதங்களில் எண்ணெய்ப் பயன்பாட்டுக்கு இடம் தருகின்றன. சித்த மருத்துவம் உடலைப் பிடித்துவிடும் முறையைத் தொக்கணம் என்று அழைக்கிறது. தட்டல், இறுக்கல், பிடித்தல், அழுத்தல், அசைத்தல் முதலாக ஒன்பது வகைகள் அதில் உண்டு. இந்தப் பெயர்களைக் கேட்டாலே எல்லா வகையும் கர்ப்பிணிக்கு ஏற்றதல்ல என்பது விளங்கும்.

மருத்துவமனையின் வருகை

சென்னை எழும்பூரில் 1844 இல் மகப்பேறு மருத்துவமனை தொடங்கப்பட்டது. 1854 இல் அங்கு மருத்துவச்சிகளுக்கு முறையான பயிற்சி ஆரம்பமானது. 1926 ஆம் ஆண்டின் சென்னை மாகாணச் சட்டம் செவிலியரையும் மருத்துவச்சிகளையும் பதிவு செய்ய வழிவகுத்தது. எழும்பூர் மருத்துவமனையின் முதல் இந்தியக் கண்காணிப்பாளரான டாக்டர் ஆ. இலட்சுமணசாமி முதலியார் எழுதிய மகப்பேற்றியல் பாடநூல் பல தலைமுறை மாணவர்களுக்குப் பயன்பட்டது.

விடுதலைக்குப் பின் ஆரம்ப சுகாதார நிலையங்களும் கிராம சுகாதார செவிலியர்களும் வந்தனர். 1987 இல் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி பெயரில் மகப்பேறு நிதியுதவித் திட்டம் பிறந்தது. 2008 இல் 108 ஆம்புலன்ஸ் சேவை தொடங்கியது; அதே ஆண்டில் தருமபுரியில் அரசு மருத்துவக் கல்லூரியும் வந்தது. 2019–21 தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 99 விழுக்காட்டுக்கும் மேலான பேறுகள் மருத்துவ நிலையங்களில் நடந்தன. இதனால் காக்கப்பட்ட உயிர்கள் ஏராளம். ஆனால் வயிற்றை அழுத்திய கை விலகியபோது, முதுகைத் தடவிய கையும் சேர்ந்தே விலகிப்போனது.

மீண்டும் வந்த ஆறுதல்

அமெரிக்காவின் மியாமி பல்கலைக்கழகத்தில் டிஃபனி ஃபீல்டு குழுவினர் 1990களிலிருந்து தொடுகை பற்றி ஆய்ந்தனர். கர்ப்பகாலத்தில் மென்மையாகத் தடவப்பட்ட பெண்களுக்கு மனப்பதற்றமும் முதுகுவலியும் குறைந்து, உறக்கம் மேம்பட்டதாக அவர்கள் கண்டனர். ஆய்வில் பங்கேற்றவர்கள் குறைவு என்பதால் முடிவை அளவாகவே எடுத்துக்கொள்ள வேண்டும்.

உலக சுகாதார நிறுவனம் 2018 இல் வெளியிட்ட பரிந்துரைகள் இங்கே முக்கியமானவை. பேற்றுவலியைத் தணிக்க விரும்பும் பெண்ணுக்குத் தடவிவிடுவதை அவை ஏற்கின்றன. குழந்தையை வெளியேற்ற மேல்வயிற்றை அமுக்குவதை ஏற்கவில்லை. மருத்துவச்சியின் ஒரு வேலைக்கு ஒப்புதலும் மற்றொன்றுக்கு மறுப்பும் ஒரே ஆவணத்தில் கிடைத்தன. தமிழ்நாட்டு அரசு மருத்துவமனைகளில் பேற்றின்போது பெண் துணை ஒருவரை உடன் வைத்துக்கொள்ள இடமளித்தது, தாய் அல்லது சகோதரியின் கை மீண்டும் முதுகைத் தொட வழி செய்தது.

குழந்தையை வெளியிலிருந்து திருப்பும் முறை இன்றும் உண்டு. ஆனால் அதைப் பயிற்சி பெற்ற மருத்துவர், ஏறத்தாழ 37 ஆவது வாரத்தில், ஸ்கேன் பார்த்து, உடனே அறுவை சிகிச்சை செய்யும் வசதியுள்ள இடத்தில் மட்டுமே செய்வார்.

அறிய வேண்டிய பாதுகாப்பு

1. வயிற்றை அழுத்தக் கூடாது. எண்ணெயை மேலாகப் பூசலாம்.
2. கர்ப்பத்தின் பிற்பாதியில் மல்லாந்து நெடுநேரம் படுக்கக் கூடாது. கருப்பையின் எடை பெரிய இரத்தக் குழாயை அழுத்தும். ஒருக்களித்துப் படுப்பதே நல்லது.
3. கெண்டைக்காலை ஆழமாக அமுக்கக் கூடாது. கர்ப்பகாலத்தில் இரத்தம் உறையும் தன்மை கூடும். ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தால் தேய்க்காமல் மருத்துவரிடம் செல்ல வேண்டும்.
4. முகமும் கையும் வீங்குதல், கடும் தலைவலி, கண் மங்கல் ஆகியவை உயர் இரத்த அழுத்தத்தின் அறிகுறிகளாக இருக்கலாம். இதற்கு எண்ணெய் மருந்தல்ல.
5. இரத்தப்போக்கு, நீர் கசிதல், காய்ச்சல், குழந்தையின் அசைவு குறைதல் இருந்தால் உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.
6. நஞ்சுக்கொடி கீழே இருப்பதாகவோ, குறைமாதப் பேற்றுக்கு வாய்ப்பு உள்ளதாகவோ மருத்துவர் கூறியிருந்தால், அவரைக் கேட்காமல் எதுவும் செய்யக் கூடாது.

முடிவுரை

மருத்துவச்சியை முழுக்கப் போற்றுவதும் முழுக்கப் பழிப்பதும் வரலாற்றுக்கு நியாயம் அல்ல. அவர் கையிலிருந்த ஆறுதலை வீட்டில் வைத்துக்கொண்டு, ஆபத்தான பகுதியை மருத்துவமனையிடம் விட்டுவிடுவதே நாம் கற்க வேண்டிய பாடம். பாட்டி இடுப்பைத் தடவட்டும். வயிற்றைச் செவிலியர் பார்க்கட்டும்.