இடுகாட்டிலிருந்து கடலுக்கு: நெகிரி செம்பிலான் தோட்டங்களில் ஈமச்சடங்கு மாறிய கதை

படிவம் ஐந்து வகுப்பில் சொற்பொருள் வேறுபாடு நடத்திக்கொண்டிருந்தேன். இடுகாடு, சுடுகாடு என்று இரண்டு சொற்களைப் பலகையில் எழுதியதும் ஒரு மாணவன், "ரெண்டும் ஒன்னுதானே டீச்சர்?" என்றான். ஒன்றல்ல. இடுதல் என்றால் மண்ணுக்குள் வைத்தல். சுடுதல் என்றால் எரித்தல். நம் தோட்டங்களில் பெரும்பாலும் இருந்தது இடுகாடுதான். இன்று அந்தத் தோட்டங்களின் பிள்ளைகள் பெற்றவர்களை மின்சுடலையில் தகனம் செய்து, சாம்பலைப் போர்ட்டிக்சன் கடலில் கரைக்கிறார்கள். இந்த மாற்றம் எப்படி வந்தது என்று அன்றைக்கு வகுப்பில் என்னால் முழுமையாகச் சொல்ல முடியவில்லை. சென்ற ஆண்டு என் பாட்டி தவறியபோதுதான் அதன் உட்பொருள் எனக்கே புரிந்தது.

முதலில் மாணவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. "கடலில் அஸ்தி கரைப்பது தமிழரின் ஆதி வழக்கம்" என்று கட்டுரையில் எழுதிவிடாதீர்கள். மணிமேகலையில் சக்கரவாளக் கோட்டம் உரைத்த காதையைப் பாருங்கள். புகார் நகரத்து ஈமப்புறங்காட்டில் நடந்த ஐந்து வழக்கங்களைச் சாத்தனார் சொல்கிறார்: எரிப்பது, வெட்டவெளியில் போட்டுவிடுவது, குழி தோண்டிப் புதைப்பது, தாழ்வான அறையில் அடைப்பது, தாழியால் கவிப்பது. புகார் கடற்கரைப் பட்டினம். அப்படியிருந்தும் அந்தப் பட்டியலில் கடல் இல்லை. ஆதிச்சநல்லூரிலும் கீழடியை அடுத்த கொந்தகையிலும் கிடைத்த முதுமக்கள் தாழிகள் சொல்வதும் மண்ணைத்தான். ஆற்றிலும் கடலிலும் சாம்பலைக் கரைக்கும் வழக்கம் பின்னாளில் காவிரிக்கரையிலும் இராமேசுவரம் அக்கினி தீர்த்தத்திலும் வேரூன்றி நின்றது உண்மை. ஆனால் நம் முன்னோர் புறப்பட்டு வந்த பல கிராமங்களில், உழைக்கும் சாதிகளிடையே, புதைப்பதே பெருவழக்காக இருந்தது. எரிக்க விறகு வேண்டும். விறகுக்குக் காசு வேண்டும்.

அந்த வழக்கத்தோடுதான் அவர்கள் மலாயா வந்தார்கள். 1907-இல் தமிழர் குடியேற்ற நிதி தொடங்கியது. 1910-இல் ஒப்பந்தக்கூலி முறை ஒழிந்தபின் கங்காணி முறையே முழுமையாக நடந்தது. நாகப்பட்டினத்திலும் சென்னையிலும் கப்பலேறியவர்கள் பினாங்கிலோ போர்ட் சுவெட்டன்ஹாமிலோ இறங்கினார்கள். அங்கிருந்து சிரம்பான், ரந்தாவ், சிலியாவ், லுக்குட், பகாவ் என்று ரப்பர் காடுகளுக்குப் பிரிந்து போனார்கள். சிரம்பானுக்கும் போர்ட்டிக்சனுக்கும் இடையில் 1891-லேயே ரயில் ஓடியது என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். இந்த வட்டாரத்தில் தோட்டங்கள் பெருகியதற்கு அந்தப் பாதையும் ஒரு காரணம்.

தோட்டத்தில் சாவு விழுந்தால் பறைச்சத்தம் கேட்கும். அன்று பிரட்டுக்குப் போகாதவர்களைக் கிராணி திட்டுவார்; இருந்தாலும் லயமே திரண்டு நிற்கும் என்று பாட்டி சொல்லுவாங்க. பண்டாரம் சங்கு ஊதுவார். நீர்மாலை எடுத்து, வாய்க்கரிசி போட்டு, மூங்கில் பாடையில் தூக்கிக்கொண்டு தோட்டத்தின் கடைசி நிரைக்கு அப்பால் உள்ள மேட்டுக்குப் போவார்கள். பால்மரம் நட லாயக்கில்லாத சரிவோ சதுப்பு ஓரமோதான் இடுகாடாக ஒதுக்கப்பட்டிருக்கும். கல்லறை கட்ட வசதியுள்ளவர் கங்காணி வீட்டார்தான். மற்றவர்களுக்கு ஒரு மண்மேடு, தலைமாட்டில் ஒரு கட்டை, இல்லாவிட்டால் ஒரு செம்பருத்திச் செடி.

கடலைப் பற்றி அந்தத் தலைமுறைக்கு நல்ல நினைவே இல்லை. கப்பலில் இறந்தவர்களைத் துணியில் சுற்றித் தண்ணீரில் இறக்கினார்கள். கொள்ளிக்குடம் கிடையாது, எட்டாம் நாள் படையல் கிடையாது. 'கடலோட போனவன்' என்றால் காரியம் நடக்காதவன் என்று அர்த்தம். இதை மனத்தில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

உடலே இல்லாத சாவு இன்னொரு முறையும் வந்தது. 1942, 1943-இல் ஜப்பானியர் சயாம் மரண இரயில்பாதைக்கு மலாயாவிலிருந்து 70,000-க்கும் அதிகமானோரைக் கொண்டுபோனார்கள். பெரும்பாலோர் தோட்டத் தமிழர். வாந்திபேதியில் செத்தவர்களை மொத்தமாகக் குழியில் தள்ளினார்கள், எரித்தார்கள். காஞ்சனபுரி போர்க் கல்லறையில் நேச நாட்டுக் கைதிகள் கிட்டத்தட்ட 7,000 பேருக்கு வரிசை வரிசையாகக் கல்லறைகள் உண்டு. நம் ஆட்களுக்கு அப்படி ஆளுக்கொரு கல் இல்லை. திரும்பி வராதவர்களின் வீடுகளில் எந்தத் தேதியைத் திதியாக வைப்பது என்றே தெரியாமல், ஆடி அமாவாசையில் பொதுவாகப் படைத்தார்கள். என் கொள்ளுத்தாத்தாவுக்கு எங்கள் வீட்டில் இன்றும் அப்படித்தான்.

அதனால் சொந்தத் தோட்டத்து மண்ணில் அடங்குவது ஒரு கொடுப்பினை என்று அந்தக் காலத்து மக்கள் நினைத்தார்கள். ஆனால் "சொந்தத் தோட்டம்" என்பது வாய்ப்பேச்சுதான். 1950-களில் வெள்ளைக்காரக் கம்பெனிகள் தோட்டங்களை விற்கத் தொடங்கின. வாங்கியவர்கள் துண்டுபோட்டு மறுபடி விற்றார்கள். இந்தத் தோட்டத் துண்டாடலைப் பேராசிரியர் உங்கு அசிஸ் அப்போதே ஆராய்ந்து எழுதினார். 1960-இல் துன் வீ.தி.சம்பந்தன் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கி, தொழிலாளர்களிடம் பத்துப் பத்து வெள்ளியாகச் சேர்த்துத் தோட்டம் வாங்கப் புறப்பட்டது இதற்கான பதில்தான். தேர்வில் இதை வேலையிழப்பு, குடியுரிமைச் சிக்கல் என்று எழுதுகிறோம். சரிதான். ஆனால் நிலத்தோடு சேர்ந்து இடுகாடும் கைமாறியது என்பதை யாரும் எழுதுவதில்லை. ரப்பர் போய்ச் செம்பனை வந்தபோது சில மேடுகள் நிரவப்பட்டன. பிறகு சிரம்பான், நீலாய் பக்கம் தோட்டங்கள் தாமான்களாக மாறியபோது எஞ்சியதும் போயிற்று. கோயிலுக்காவது நாலு பேர் கூடிச் சத்தம் போட்டார்கள். பெயர் எழுதாத மண்மேட்டுக்கு யார் போய் நிற்பது?

என் தாத்தா 1974-இல் இறந்தார். லுக்குட் பக்கம் ஒரு தோட்டத்தில் புதைத்தார்கள். 1996-இல் நிலம் விற்கப்பட்டது. எலும்புகளை எடுத்துக்கொள்ள ஒரு தேதி கொடுத்தார்களாம். என் மாமாக்கள் போய்ப் பார்த்தபோது அடையாளத்துக்கு நட்ட செம்பருத்தி இல்லை, மேடும் இல்லை. அன்றைக்குத் திரும்பி வந்ததிலிருந்து பாட்டி ஒரே பேச்சுதான்: "அவர எங்க வச்சாங்கன்னே தெரியாமப் போச்சு. என்னைத் தண்ணியில விட்டுருங்க. அதையாவது விக்க மாட்டானுங்க."

இந்த ஒரு வாக்கியத்தை வைத்துத்தான் இக்கட்டுரையே எழுதுகிறேன். தகனம் பரவியதற்கு நகர்ப்புற வாழ்க்கை, மின்சுடலை வசதி, புதைகுழிக்கு இடமில்லாமை என்று பல காரணங்கள் உண்டு. பெரிய மனிதர்களின் முன்மாதிரியும் உண்டு. 1948-இல் காந்தியடிகளின் சாம்பல் பல நீர்நிலைகளில் கரைக்கப்பட்டது. கன்னியாகுமரிக் கடலில் கரைக்குமுன் மக்கள் வணங்க வைத்த இடத்தில்தான் காந்தி மண்டபம் நிற்கிறது. 1964-இல் நேருவின் சாம்பலில் ஒரு பங்கு கங்கையில் கரைக்கப்பட்டது. பெரும்பகுதி விமானத்திலிருந்து வயல்களில் தூவப்பட்டது. ஆனால் எங்கள் பாட்டி இதையெல்லாம் நினைத்துச் சொல்லவில்லை. நிலத்தை நம்பி ஏமாந்தவர்கள் கடலைத் தேர்ந்தெடுத்தார்கள் என்பதே தோட்டத்து வரலாறு என்று நான் நினைக்கிறேன். ஒரு காலத்தில் அஞ்சிய அதே கடலை.

பாட்டி தவறியதும் வீட்டில் சண்டை வந்தது. பெரிய மாமாவுக்குச் சம்மதமில்லை. "கடல்ல விட்டா அப்புறம் எங்க போயி படையல் வைக்கிறது? அப்பாவுக்குத்தான் இடம் இல்ல, அம்மாவுக்கும் வேணாமா?" என்றார். அவர் கேட்டதிலும் நியாயம் இருந்தது. சின்னம்மாதான், "அம்மா வாயால சொன்னதை மாத்த நமக்கு என்ன உரிமைண்ணே?" என்று முடித்தார்.

கடலில் கரைப்பதற்கும் ஏற்பாடு வேண்டும். எங்கள் உறவினர் ஒருவருக்கு முன்பு நடந்ததைப் பார்த்திருக்கிறேன். சடங்கு முடித்துப் பானையோடு கடற்கரைக்குப் போனால் தண்ணீர் எங்கோ தூரத்தில் கிடந்தது. சேற்றில் முழங்கால்வரை இறங்கிக் கரைத்தார்கள். துணி சுற்றிய பானை கொஞ்ச நேரத்தில் அலையோடு திரும்பி வந்து கால்மாட்டில் நின்றது. அந்த வீட்டுப் பெண்கள் அழுத அழுகை இன்னும் காதில் இருக்கிறது. மலாக்கா நீரிணையில் ஒரு நாளைக்கு இரண்டு முறை நீர் ஏறும், இரண்டு முறை இறங்கும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி ஏற்றமும் அதிகம், வற்றமும் அதிகம். ஆகவே நாங்கள் ஓத அட்டவணையைப் பார்த்து, நீர் நிறைந்து வடியத் தொடங்கும் நேரத்தைக் குறித்துக்கொண்டோம். அப்போதுதான் கடல் உள்வாங்கி எடுத்துப்போகும். ராகுகாலம் பார்க்க வந்த பண்டாரம் அட்டவணையைப் பார்த்துவிட்டு, "இதுதான்மா நெசமான பஞ்சாங்கம்" என்று சிரித்தார்.

தகனத்துக்கு மறுநாள் காலை மின்சுடலைக்குப் போனோம். பால், இளநீர், மஞ்சள்நீர் தெளித்து, காலிலிருந்து தலைவரை வரிசையாக எலும்பு பொறுக்கினோம். அஸ்தி என்ற வடசொல்லுக்குப் பொருள் எலும்பு, சாம்பல் அல்ல. மாணவர்கள் கவனிக்க வேண்டும். எல்லாம் சேர்ந்து இரண்டு மூன்று கிலோதான் இருந்தது. என் கையில் வாங்கியபோது, "இவ்வளவுதானா?" என்று தோன்றியது. சுடாத மண்பானை கிடைக்காததால் மெல்லிய மண்சட்டி வாங்கினோம். பிளாஸ்டிக் மாலை, தெர்மகோல் எதுவும் வேண்டாம், உதிரிப்பூ போதும் என்று முடிவு செய்தோம். அடுத்தநாள் அங்கே பிள்ளைகள் குளிக்க வருவார்கள் அல்லவா? சிங்கப்பூரில் செமாக்காவ் தீவுக்குத் தெற்கே ஏறத்தாழ 2.8 கிலோமீட்டர் தள்ளி இதற்கென்றே கடற்பகுதி ஒதுக்கியிருக்கிறார்கள். கரையில் குளிப்பவர்கள் நடுவே செய்வதைவிடப் படகில் கொஞ்சம் உள்ளே போவதுதான் இரு தரப்புக்கும் மரியாதை.

பாட்டி காலத்தில் பெண்கள் இடுகாட்டுக்கே போகமாட்டார்கள். இந்த முறை படகில் ஏறிய ஏழு பேரில் நாங்கள் மூன்று பெண்கள். படகுக்காரர் ஒரு மலாய்ப் பெரியவர். மேற்கே வானத்தைப் பார்த்தார். விடிகாலையில் சுமத்ராக் காற்று அடித்தால் படகு எடுக்கமாட்டாராம். அன்று கடல் அமைதியாக இருந்தது. காற்று எந்தப் பக்கம் என்று கையை நனைத்துப் பார்த்து, எங்களைக் காற்றுக்கு முதுகு காட்டி உட்காரச் சொன்னார். இல்லாவிட்டால் சாம்பல் முகத்தில் அடிக்கும்.

பெரிய மாமா அதுவரை ஒன்றும் பேசவில்லை. சட்டியை இறக்கும் நேரத்தில் பையிலிருந்து ஒரு பொட்டலம் எடுத்தார். முதல்நாள் சாயந்திரம் தனியாகக் காரை எடுத்துக்கொண்டு பழைய தோட்டத்துப் பக்கம் போயிருக்கிறார். இடுகாட்டு மேடு இருந்த இடத்தில் இப்போது ஒரு தாமானும் பிள்ளைகள் விளையாடும் திடலும் இருக்கின்றன. திடலோரத்தில் குனிந்து ஒரு பிடி மண் அள்ளியிருக்கிறார். "அப்பா இங்கதான் எங்கயோ" என்றார். அந்த மண்ணைச் சட்டியில் போட்டு, பாட்டியின் சாம்பலோடு கலந்து, நீர்மட்டத்தோடு சாய்த்து மெதுவாக விட்டார். பழுப்பாய் ஒரு கோடு கொஞ்ச தூரம் ஓடி மறைந்தது. படகுக்காரர் என்ஜினை அணைத்துவிட்டுத் தொப்பியைக் கையில் எடுத்துக்கொண்டு நின்றார். கரைக்கு வரும்போது பண்டாரம் சொன்னபடி யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

உங்கள் பள்ளி மாணவர்களுக்கு வட்டார வரலாற்றுக் கட்டுரை கொடுப்பதாக இருந்தால், "உங்கள் குடும்பத்தில் முதன்முதலாக இந்த நாட்டு மண்ணில் புதைக்கப்பட்டவர் யார், எங்கே?" என்று கேட்டுப் பாருங்கள். நான் கேட்டேன். முப்பத்திரண்டு பேரில் ஒன்பது பேர்தான் தோட்டத்தின் பெயரோடு வந்தார்கள். அந்த ஒன்பதில் இரண்டு இடுகாடுகள் இன்னும் இருக்கின்றன. ஒன்றுக்குப் போக செம்பனைக் காட்டுக்குள் இருபது நிமிடம் நடக்க வேண்டுமாம். அடுத்த பள்ளி விடுமுறையில் கேமராவோடு போகப்போகிறோம்.

ஆடி அமாவாசைக்கு எங்கள் குடும்பம் போர்ட்டிக்சன் போகிறது. நீர் எத்தனை மணிக்கு ஏறுகிறது என்று பார்த்துச் சொல்லும் வேலை இந்த முறை பெரிய மாமாவுடையது.