தோட்டத்து டிஸ்பென்சரியும் ஆஸ்பத்திரித் துண்டும்

பிணியுற்றவன் தனக்குகந்த வைத்தியசாலையைத் தானே தெரிந்தெடுப்பதென்பது இலங்கை மலையகத் தோட்டங்களில் நெடுங்காலம் அறியப்படாத சுதந்திரமாகும். 1872-ஆம் ஆண்டின் மருத்துவத் தேவைகள் கட்டளைச் சட்டம், கோப்பித் தோட்டத் தொழிலாளரின் சிகிச்சைக்கென அரசாங்க வைத்தியசாலைகளுக்கு வழிகோலியதாயினும், நோயாளிக்கும் அவ்வைத்தியசாலைக்கும் நடுவே தோட்டத்து டிஸ்பென்சரி நின்றது.

அங்கே, வைத்தியப் பட்டம் பெறாதவராயினும் லயக் குடியிருப்பு ஜனங்களால் ‘டாக்டர் ஐயா’ என்றே வணங்கப்பட்ட மருத்துவ உதவியாளர், வரிசையில் நின்றோரின் நாடியைத் தொட்டு, அவரவர் கொண்டுவந்த போத்தலில் கலவை மருந்தை வார்த்துக்கொடுத்து, வியாதி தம் கைமீறியதென்று கண்டால் மாத்திரமே ஆஸ்பத்திரிக்குத் துண்டு எழுதுவார். துண்டு பெற்றவரைக் கொழுந்து லொறியே சுமந்து சென்றதும் உண்டு. வியாதியைவிடப் பெரட்டில், அதாவது காலை வேலைப் பதிவில், பெயர் விழாமற்போவதற்கே பலர் அஞ்சியிருப்பர். பெயர் விழாத நாளுக்குக் கூலியில்லையல்லவா! பிரசவத்துக்கோ லயத்து மருத்துவச்சி. குழந்தையின் சீர் நோய்க்குப் பூசாரியின் திருநீறு.

தொண்ணூறுகளில் தோட்ட நிர்வாகம் கம்பெனிகளிடம் சென்றபின், தோட்ட வைத்தியசாலைகள் சிலவற்றை அரசாங்கம் பொறுப்பேற்றது. இந்திய உதவியுடன் எழுந்த 150 படுக்கைகள் கொண்ட டிக்கோயா கிளங்கன் வைத்தியசாலை 2017 மே மாதம் திறக்கப்பட்டது. ஆயினும் டிஸ்பென்சரிகள் பல இன்றும் கம்பெனிகளின் கையிலேயே உள. அவற்றையும் சுகாதார அமைச்சு ஏற்பதே நியாயம்.