சயாம் ரயில் விட்டுச்சென்ற பிள்ளைகள்

கெடா தோட்டங்களுக்கு வந்த நம் முன்னோரில் பலர் மலாயாவில் முதலில் கால்வைத்த இடம் ஒரு தீவு. நாகப்பட்டினத்திலும் சென்னையிலும் கப்பலேறியவர்களை, அம்மையும் காலராவும் பரவிவிடும் என்று பினாங்கை அடுத்த ஜெரஜாக் தீவில் நிறுத்திவைத்தார்கள். பிறகுதான் கூலிம், பீடோங், சுங்கைப்பட்டாணிப் பக்கத்து ரப்பர் தோட்டங்களுக்குக் கங்காணிகளோடு அனுப்பினார்கள்.

1941 டிசம்பரில் ஜித்ரா ஜப்பானியர் கையில் விழுந்தது. ஊருக்குத் திரும்பும் கடல்வழியும் அடைபட்டது. பிறகு சயாமையும் பர்மாவையும் இணைக்கும் 415 கிலோமீட்டர் ரயில்பாதைக்கு ஆள் தேடித் தோட்டங்களுக்கு லாரிகள் வந்தன. சில மாத வேலை, நல்ல சம்பளம் என்றார்கள். ஆசைகாட்டியும் மசியாதவர்களைப் பிடித்தே ஏற்றினார்கள். காட்டு முகாம்களில் காலராவும் மலேரியாவும் பல்லாயிரம் தமிழர்களை வாரிக்கொண்டன. 1943 அக்டோபரில் பாதை முடிந்தது. அதே மாதம் கெடாவே சயாமின் ஆட்சிக்குக் கைமாறியது.

தோட்டத்து லயங்களில் எஞ்சியவர்கள் பிள்ளைகள். பக்கத்து வீட்டார் மரவள்ளிக்கிழங்கை அவித்துப் பங்குவைத்தார்கள்; கோணிச்சாக்கைக் கிழித்து உடுத்தினார்கள். அப்பா, அம்மா இருவரையும் இழந்த பிள்ளைக்குச் சொந்த ஊர் எது, பாட்டன் பெயர் என்ன என்று சொல்ல ஆளில்லை. கடலுக்கு அப்பால் 'நாடு' இருக்கிறது என்று கேட்டே வளர்ந்தது. கப்பலேறினாலும் எந்தக் கிராமத்துக்குப் போவது?

வளர்த்த மண்ணும் எளிதில் ஏற்கவில்லை. 1957 சுதந்திரத்துக்கு முன் பிறந்தவர்களில் பலர் குடியுரிமைக்கு விண்ணப்பிக்க வேண்டியிருந்தது. பிறப்புச் சான்று இல்லாதவர்கள் தடுமாறினார்கள். 1969க்குப் பிறகு குடியுரிமை இல்லாதவர்களுக்கு வேலை பெர்மிட் கட்டாயமானது. அவர்களுக்குரிய சிவப்பு அடையாள அட்டையோடு பால்வெட்டி வந்த ஆயிரக்கணக்கானோர் வேலையிழந்து, முன்பின் அறியாத தமிழ்நாட்டுக்குக் கப்பலேறினார்கள்.

தாள் இல்லாத அதே நிலை பெற்றோர் தெரியாத குழந்தைக்கும் வரலாம். அப்படிக் கண்டெடுக்கப்பட்ட பச்சிளங்குழந்தையை இம்மண்ணில் பிறந்ததாகவே கொள்ளும் விதி மலேசிய அரசமைப்பில் இருக்கிறது. அதை மாற்றும் திட்டத்தைப் பொதுமக்கள் எதிர்ப்புக்குப் பின் 2024 மார்ச்சில் அரசு கைவிட்டது. அந்த விதி அசையாமல் நிலைக்க வேண்டும். ஒரு நாட்டின் போருக்கும் ரயிலுக்கும் பெற்றோரைப் பறிகொடுத்தவர்களிடம் தாள் கேட்டு நின்றது பெரிய அநீதி.

அப்படிப் பெற்றோரை இழந்து வளர்ந்த பெரியவர்கள் இன்று எண்பதைக் கடந்துவிட்டார்கள். உங்கள் வீட்டில், உங்கள் தோட்டத்தில் ஒருவர் இருந்தாலும் அருகில் உட்கார்ந்து கேளுங்கள். அவர் சொல்வதைப் பெயரோடும் ஊரோடும் இப்போதே எழுதிவையுங்கள்.

(தொடரும்)