ஒரு கோடு கடந்த தூரம்

குதிரைகளின் நட்பைப் பற்றிய ஆய்வு ஒரு சின்னக் கோட்டில் பிறக்கிறது. மேய்ச்சல் வெளியில் குறிப்பேட்டோடு நிற்கும் ஆய்வாளர், குறித்த நேரத்துக்கு ஒருமுறை மந்தையை நிமிர்ந்து பார்க்கிறார். இந்த நொடியில் ஒவ்வொரு குதிரைக்கும் மிக அருகில் நிற்பது எது? அந்த இணைக்கு ஒரு கோடு. இரண்டு குதிரைகள் எதிரெதிரே நின்று, ஒன்றின் பிடரியடியை மற்றொன்று பல்லால் சொறிந்துவிட்டால் அதற்கும் ஒரு கோடு. நட்பைக் கண்ணால் பார்க்க முடியாது. அருகாமையையும் தொடுதலையும் எண்ண முடியும்.

எப்போது கோடு போடுவது என்பதிலேயே ஆய்வின் நேர்மை இருக்கிறது. கண்ணைக் கவர்ந்ததை மட்டும் எழுதினால் உதையும் கடியும் ஏட்டை நிரப்பிவிடும். சேர்ந்து சும்மா நிற்கும் இரண்டு குதிரைகள் விடுபட்டுப் போகும். பபூன் குரங்குகளை ஆராய்ந்த ஜீன் ஆல்ட்மன், எந்தக் கேள்விக்கு எந்த முறையில் பார்த்துக் குறிக்க வேண்டும் என்பதை 1974-இல் ஒரு கட்டுரையில் வகுத்துத் தந்தார். விலங்குகளைக் கவனிப்பவர்கள் இன்றும் அந்தக் கட்டுரையைத்தான் கையில் எடுக்கிறார்கள்.

அதே 1974-இல், பிரான்சின் ரோன் ஆற்றுக் கழிமுகத்தில் உள்ள காமார்க் சதுப்பு நிலத்தில், தூர் து வலா ஆய்வு நிலையம் 14 குதிரைகளை மேய்ச்சல் நிலத்தில் விட்டு, அவற்றைத் தம் போக்கில் வாழவிட்டது. எந்தக் குட்டி எந்தத் தாய்க்குப் பிறந்தது என்பது ஆய்வாளர்களுக்குத் தெரியும். ஏட்டிலிருந்த கோடுகள் அங்கே அட்டவணையாயின: வரிசையிலும் பத்தியிலும் குதிரைகளின் பெயர்கள், கட்டங்களில் எண்ணிக்கை. கோடுகள் எல்லாக் கட்டங்களிலும் சமமாக விழவில்லை. ஒரு குதிரை மந்தை முழுவதோடும் ஒரே மாதிரி பழகுவதில்லை. தனக்கென்று ஓரிரு துணைகளைத் தேர்ந்துகொள்கிறது.

அந்தத் துணை குதிரைக்கு என்ன தருகிறது? கிளாடியா ஃபேவும் ஜான் து மசியேரும் 1993-இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு விடை தேடியது. குதிரைகள் ஒன்றையொன்று விரும்பிச் சொறியும் பிடரியடியில் மனிதக் கையால் சொறிந்து இதயத் துடிப்பை அளந்தார்கள். துடிப்பு தணிந்தது. அவை அவ்வளவாக விரும்பாத வேறிடத்தில் சொறிந்தபோது அப்படித் தணியவில்லை.

கோட்டின் அடுத்த பயணம் நியூசிலாந்தின் கைமானவா மலைப்பகுதிக்கு. அங்கே கட்டற்றுத் திரியும் குதிரைகளில் ஆண், பெண் இரண்டுமே வளர்ந்ததும் பிறந்த கூட்டத்தை விட்டுப் போய்விடும். ஆகவே ஒரே கூட்டத்தில் வாழும் பெண் குதிரைகள் பெரும்பாலும் இரத்த உறவில்லாதவை. எலிசா கேமரனும் டிரினே செட்சாசும் வேய்ன் லிங்க்லேட்டரும் கோடுகளைத் திரட்டி, ஒவ்வொரு பெண் குதிரையும் கூட்டத்தோடு எவ்வளவு ஒட்டியிருக்கிறது என்பதை மதிப்பெண்ணாக மாற்றினார்கள். 2009-இல் முடிவு வெளியானது. தோழமை மிகுந்த பெண் குதிரைகள் அதிகக் குட்டிகளை ஈன்றன. அந்தக் குட்டிகள் அதிகமாகப் பிழைத்தன. தோழிகள் உள்ள குதிரைக்கு ஆண் குதிரைகளின் தொல்லை குறைவு என்பது ஒரு காரணம். நட்பு என்பது உறவினரைக் காக்கும் உணர்வின் நீட்சி மட்டுமே என்ற கருத்தை இந்தக் குதிரைகள் அசைத்துவிட்டன.

பிறகு கோடு வானத்துக்கு ஏறியது. போர்ச்சுகலின் செர்ரா தார்கா மலையில் ஜப்பானிய ஆய்வாளர்கள் ட்ரோன் பறக்கவிட்டு, அரை மணிக்கு ஒருமுறை இருநூறுக்கும் மேற்பட்ட குதிரைகளைப் படமெடுத்தார்கள். ஒவ்வொன்றையும் அடையாளம் கண்டு, ஒவ்வோர் இணைக்கும் இடையிலான தூரத்தைக் கணக்கிட்டார்கள். தரையில் நிற்பவர் கண்ணுக்கு எட்டாத ஒன்று 2021-இல் தெளிவானது: குடும்பக் கூட்டங்கள் பல சேர்ந்து ஒரு பெருமந்தையாக வாழ்கின்றன. பெரிய கூட்டங்கள் நடுவில், சிறியவையும் ஆண்கள் மட்டுமே உள்ள கூட்டங்களும் ஓரத்தில்.

பென்சிலிலிருந்து ட்ரோனுக்குக் கருவி மாறியிருக்கிறது. யார் அருகில் யார் என்ற கேள்வி மாறவில்லை. அதற்குக் கிடைத்த விடை லாயம் வைத்திருப்பவர்களுக்கும் உரியது. தீனியும் தண்ணீரும் கூரையும் கொடுத்துத் தனியே கட்டிவைத்த குதிரைக்கு இன்னும் ஒன்று குறைகிறது. சுவிட்சர்லாந்தின் விலங்கு நல விதிகள் இதைச் சட்டமாகவே எழுதியிருக்கின்றன: ஒவ்வொரு குதிரையாலும் குதிரைக் குடும்பத்தைச் சேர்ந்த இன்னொரு விலங்கைப் பார்க்கவும் கேட்கவும் முகரவும் முடிய வேண்டும். குதிரை வளர்ப்பவர்கள் சட்டம் வரும்வரை காத்திருக்க வேண்டாம். உங்கள் குதிரைக்கு ஒரு துணையைக் கொடுங்கள்.