தொடைப் பையின் பூர்வோத்தரம்

நெவாடா மாகாணத்து ரீனோ நகரில் தையற்கடை வைத்திருந்த ஜேக்கப் டேவிஸிடம் ஒரு கூலித் தொழிலாளியின் மனைவி வந்து, தன் புருஷனுக்கு எளிதில் கிழியாத கால்சராய் வேண்டுமென்று கேட்டபோது, குதிரைப் போர்வைகளின் வார்களைப் பிணைப்பதற்காகத் தாம் வைத்திருந்த செப்பு ரிவிட்டுகளையே எடுத்து, அவர் அதன் பைகளின் மூலைகளில் அறைந்து கொடுத்தார். கால்சராய் முதலில் நைவது முழங்காலில் என்று நாம் நினைப்போம். உழைப்பாளியின் உடையிலோ, கை ஓயாமல் புகுந்து புறப்படுகிற பைவாயின் ஓரத்தில்தான் தையல் முதலில் விட்டுப்போகிறது. இந்த உபாயத்துக்கு, சான்பிரான்சிஸ்கோ துணி வியாபாரி லீவை ஸ்ட்ராஸுடன் சேர்ந்து அவர் காப்புரிமை பெற்றது 1873 மே 20ஆம் தேதி.

இடுப்பிலிருந்த பை தொடைக்கு இறங்கியது யுத்த நிமித்தம். இரண்டாம் உலகப் போர் மூள்வதற்குச் சற்று முன்பு பிரிட்டிஷ் சிப்பாய்க்கு அளித்த புதிய கால்சராயில், இடது தொடையின் முன்புறம் வரைபடம் வைக்கப் பெரிய பையும், வலப்புறம் மேலே காயக்கட்டுத் துணிக்கென்று சிறு பையும் இருந்தன. ஆனால் அந்தப் பைக்கு முழு விஸ்தாரம் கிடைத்தது அமெரிக்கப் பாரசூட் படையில்தான். வில்லியம் யார்பரோ என்னும் அதிகாரியின் யோசனைப்படி அமைந்த 1942ஆம் வருஷத்து உடுப்பில், மார்பை இறுக்கிய வார்களுக்கிடையே கை நுழைவதற்கு வாகாக மேற்சட்டைப் பைகள் சாய்வாகவும், உணவும் தோட்டாவும் கொள்ளும்படி தொடைப் பைகள் அகலமாகவும் தைக்கப்பட்டன. பாரசூட் விரியும் க்ஷணத்தில் உடல் வெட்டியிழுக்கப்படும்போது பையிலுள்ள பாரம் துள்ளி ஆடாதிருக்க, 1944இல் நார்மண்டியில் குதிக்கப் போகுமுன் பலருடைய கால்சராய்களில் தொடையைச் சுற்றிக் கட்டும் நாடாக்களும் சேர்க்கப்பட்டன. மடியில் கனமிருந்தால் வழியில் பயம் என்பது நம்மவர் வழக்கு. அவர்களுக்கோ கனம் ஆடினால்தான் பயம்.

இன்று ‘டாக்டிக்கல்’ என்று மிடுக்காக விற்கப்படும் கால்சராயில் பெயர் பெற்றதொன்று யுத்த களத்தில் பிறந்ததன்று என்பது வேடிக்கை. யோசெமிட்டியின் செங்குத்துப் பாறைகளில் புகழ்பெற்ற ராயல் ராபின்ஸின் நிறுவனம் மலையேறுவோருக்காகத் தைத்த அதற்கு, பாறையேற்றத்தின் கடுமையைக் குறிக்கும் 5.11 என்ற எண்ணே பெயராயிற்று. குவான்டிகோவிலுள்ள எஃப்.பி.ஐ. பயிற்சிக் கழகத்தார் அதை விரும்பி அணியத் தொடங்கிய பின்னர், 2003இல் அதே பெயரில் தனி நிறுவனமும் எழுந்தது.

அத்தகைய கால்சராய் ஒன்று வாங்கச் சென்றிருந்தபோது, கடைப் பையன் எத்தனை பைகள் என்று எண்ணிக்காட்டிக்கொண்டே இருக்க, நான் பைக்குள் சாவிக்கொத்தையும் பேனாக்கத்தியையும் போட்டுக்கொண்டு அங்கிருந்த முக்காலியில் அமர்ந்து பார்த்தேன்; சாவி தொடையில் குத்திற்று, மூடியின் பொத்தானோ முழங்காலுக்குக் கீழே சரிந்து கைக்கு எட்டவில்லை. அதைவிட இரண்டு பை குறைந்த இன்னொன்றை எடுத்து வந்தேன்.