ஒரு மரபணுவும் ஒரு பதிவேடும்: டால்மேஷியன் பிற்கலப்பு விவகாரம், 1973–2011

1981ஆம் ஆண்டு அமெரிக்கன் கென்னல் கிளப் தன் வம்சாவளிப் பதிவேட்டில் இரண்டு டால்மேஷியன் நாய்களைச் சேர்த்துக்கொண்டது. ஸ்டாக்லோர் ஸ்டிப்பிள்ஸ், ஸ்டாக்லோர் ஸ்பாட்டர் என்று அவற்றுக்குப் பெயர். வெள்ளை உடம்பும் கரும்புள்ளியுமாக, பழகாத கண்ணுக்கு மற்ற டால்மேஷியன்களைப் போலத்தான் இருந்தன. வேறுபாடு சிறுநீரில் இருந்தது. அந்த இனத்தின் பதிவுபெற்ற நாய்கள் அனைத்துக்கும் இருந்த ஒரு பிறவிக் குறை இவ்விரண்டுக்கும் இல்லை. ஐந்து தலைமுறைக்கு முன்னால் இவற்றின் மூதாதைகளில் ஒன்று டால்மேஷியன் அல்ல, பாயின்டர் என்பதே அதற்குக் காரணம்.

சில ஆண்டுகளுக்குள் இவற்றின் வாரிசுகளுக்குப் பதிவு மறுக்கப்பட்டது. அடைத்த கதவு மறுபடி திறக்க 2011 ஆயிற்று. இந்த முப்பதாண்டு இழுபறியை அறிவியலுக்கும் பிடிவாதத்துக்கும் நடந்த சண்டையாகச் சொல்வது வழக்கம். பிடிவாதம் இருந்தது உண்மை. ஆனால் குறை எப்படித் தலைமுறை தாண்டுகிறது என்பது 1938லேயே தெரிந்திருந்தது. அதை நீக்கும் வழியும் 1970களில் கைக்கு வந்துவிட்டது. அறிவு போதாமல் யாரும் காத்திருக்கவில்லை. இனம் எது என்று சொல்லும் அதிகாரம் நாயின் உடலிடமிருந்து ஒரு பதிவேட்டின் கைக்குப் போய்விட்டிருந்தது என்பதே சிக்கலின் வேர் என்று இக்கட்டுரை வாதிடுகிறது.

பதிவேடு பிறந்த சூழல்

போட்டிக் கண்காட்சி என்ற அளவில் முதலாவதாகக் கருதப்படும் நாய்க் காட்சி 1859 ஜூனில் இங்கிலாந்தின் நியூகாசலில் நடந்தது. பாயின்டர், செட்டர் என்ற இரண்டு வேட்டை வகைகளுக்கு மட்டுமே அதில் இடம். பாயின்டர்களுக்கு நடுவராக இருந்தவரின் செட்டர் பரிசு பெற்றது; செட்டர்களுக்கு நடுவராக இருந்தவரின் பாயின்டர் பரிசு பெற்றது. அடுத்து வந்த ஆண்டுகளில் காட்சிகள் பெருகின, அவற்றோடு புகார்களும் பெருகின. ஒரே பெயரில் பல நாய்கள் உலவின. பரிசு வென்றது எந்த நாய், விற்பனைக்கு வந்திருப்பது எந்த நாய் என்று உறுதிசெய்ய வழியில்லை.

1873இல் செவாலிஸ் ஷெர்லியின் தலைமையில் லண்டனில் கென்னல் கிளப் தொடங்கப்பட்டதும், மறு ஆண்டே அதன் முதல் வம்சாவளிப் பதிவேடு வெளிவந்ததும், 1880இல் பெயர்ப்பதிவு முறை வந்ததும் இந்தக் குழப்பத்தைத் தீர்க்கத்தான். மோசடியைத் தடுக்கும் கணக்குப் புத்தகமாகவே அது பிறந்தது. இனத்தூய்மையைக் காக்கும் வேலி என்ற பொறுப்பு பின்னர் அதன் தலையில் ஏறியது.

நாயின் உருவத்தை எழுத்தில் வடிக்கும் முயற்சியும் அதே காலத்தில்தான் தொடங்கியது. ‘ஸ்டோன்ஹெஞ்ச்’ என்ற புனைபெயரில் எழுதிய ஜான் ஹென்றி வால்ஷ், 1865இல் மேஜர் என்ற பாயின்டரை உறுப்பு உறுப்பாக விவரித்து மதிப்பெண் பிரித்துக் கொடுத்தார். இன்றைய பொருளில் ‘இனம்’ என்பதே இப்படித்தான் உருவாக்கப்பட்டது என்று மைக்கேல் வொர்பாய்ஸ், ஜூலி-மேரி ஸ்ட்ரேஞ்ச், நீல் பெம்பர்ட்டன் ஆகிய வரலாற்றாசிரியர்கள் 2018இல் வெளிவந்த தங்கள் நூலில் காட்டுகிறார்கள். தலைக்கு இவ்வளவு, காதுக்கு இவ்வளவு, வாலுக்கு இவ்வளவு என்று எழுதப்பட்ட தரவரையறைகளில் கண்ணுக்குத் தெரிந்தவை மட்டுமே ஏறின. காட்சி அரங்கில் நடுவர் தொட்டுப் பார்க்க முடியாத எதற்கும் மதிப்பெண் கிடையாது.

அமெரிக்கன் கென்னல் கிளப் 1884இல் தோன்றியது. முதல் டால்மேஷியன் 1888இல் அதில் பதிவானது; டால்மேஷியன் கிளப் ஆஃப் அமெரிக்கா 1905இல் அமைந்தது. தாய், தந்தை இரண்டுமே பதிவு பெற்றிருந்தால்தான் குட்டிக்குப் பதிவு என்ற விதி இறுகியபோது, அன்று ஏட்டில் இருந்த நாய்களின் மரபணுக்கள் எவையோ அவையே அந்த இனத்தின் முழுக் கையிருப்பு என்றாயிற்று. அந்தக் கையிருப்பில் என்ன இல்லை என்று அன்று யாருக்கும் தெரியாது.

சிறுநீரில் கிடந்த செய்தி

பெரும்பாலான பாலூட்டிகளின் கல்லீரல், யூரிக் அமிலத்தை அலன்டாயின் என்ற எளிதில் கரையும் பொருளாக மாற்றிவிடுகிறது. மனிதர்களிடமும் வாலில்லாக் குரங்குகளிடமும் இது நடப்பதில்லை. டால்மேஷியனும் யூரிக் அமிலத்தை ஏராளமாகச் சிறுநீரில் வெளியேற்றுகிறது என்று வேதியியலாளர் ஸ்டான்லி பெனடிக்ட் 1916இல் தெரிவித்தார். டால்மேஷியனின் கல்லீரலில் அதை மாற்றும் நொதி இருக்கிறது. யூரிக் அமிலம் கல்லீரல் செல்லுக்குள் போய்ச் சேருவதில்தான் தடை என்பது பின்னர் தெரியவந்தது. சிறுநீரகமும் வடிகட்டிய அமிலத்தைத் திரும்ப உறிஞ்சுவதில்லை.

விளைவு சிறுநீர்க்கல். பெண் நாய்க்கு இது பெரும்பாலும் தொல்லையோடு போகும். ஆண் நாயின் சிறுநீர்க்குழாய் ஆண்குறி எலும்பின் பள்ளத்தில் குறுகுவதால் கல் அங்கே சிக்கி அடைத்துக்கொள்ளும். உடனே சிகிச்சை கிடைக்காவிட்டால் உயிருக்கே ஆபத்து. பியூரின் (யூரிக் அமிலமாக மாறும் பொருள்) குறைந்த உணவு, நிறையத் தண்ணீர், அலோபியூரினால் மாத்திரை என்று காலம் முழுக்கக் கவனிக்க வேண்டியிருக்கும். ஆண் டால்மேஷியன்களில் 26 முதல் 34 சதவீதம் வரை கல்லால் பாதிக்கப்படுவதாக ஒரு மதிப்பீடு உண்டு. இந்த எண்ணையும் வளர்ப்பாளர்கள் ஏற்றதில்லை. எல்லா டால்மேஷியன்களுக்கும் யூரிக் அமிலம் அதிகம், கல் வருவதோ சிலவற்றுக்கு. ஆகவே இது நோயல்ல, இனத்தின் இயல்பு என்பது அவர்கள் வாதம். தர்க்கமாகப் பார்த்தால் இது மறுக்கக் கடினமான வாதம். இனத்தில் எல்லா நாய்க்கும் இருப்பது குறையா, குணமா என்று அந்த இனத்துக்குள்ளேயே நின்றுகொண்டு தீர்மானிக்க முடியாது.

ட்ரிம்பிள், கீலர் என்ற இரு ஆய்வாளர்கள் கலப்புகள் செய்து பார்த்து, 1938இல் இது ஒடுங்கு பண்பு என்று நிறுவினர். ஓங்கிய, இயல்பான மரபணு ஒன்றே ஒன்று வந்து சேர்ந்தால் போதும், யூரிக் அமிலம் இயல்பு அளவுக்கு இறங்கிவிடும். ஆனால் அந்த ஒன்றை டால்மேஷியன் பதிவேட்டுக்குள் எங்கு தேடினாலும் கிடைக்காது.

இங்கே உடல்நலச் சோதனை என்ற ஏற்பாட்டின் எல்லையைக் கவனிக்க வேண்டும். இடுப்பு மூட்டுக் குறைபாட்டுக்காக அமெரிக்காவில் 1966இல் ஜான் ஓலின் முன்முயற்சியில் எலும்பியல் அறக்கட்டளை தொடங்கியது. பிரிட்டனில் ஒவ்வொரு இடுப்புக்கும் 53 வரை, மொத்தம் 106 வரை மதிப்பெண் போடும் திட்டம் வந்தது. எண் எவ்வளவு குறைவோ அவ்வளவு நல்லது. ஐரிஷ் செட்டரின் விழித்திரைச் சிதைவுக்கான மரபணு 1993இல் கண்டறியப்பட்டதும், நோயைச் சுமக்கும் நாய்களை ரத்தப் பரிசோதனையிலேயே பிரிக்க முடிந்தது. இவை எல்லாவற்றிலும் ஒரே முறைதான்: இனத்துக்குள் நல்லதும் கெட்டதும் கலந்து இருக்கும், சோதனை நல்லதைப் பொறுக்கிக் கொடுக்கும். டால்மேஷியனில் பொறுக்குவதற்கு ஒன்றுமில்லை. எல்லா நாய்களையும் சோதித்து எல்லாவற்றிலும் ஒரே விடையைப் பெறலாம்.

ஷைபிளின் கலப்பு

மரபியலாளர் ராபர்ட் ஷைபிள் 1973இல் ஒரு பாயின்டர் ஆண் நாயை டால்மேஷியன் பெண்ணோடு இணைத்தார். பாயின்டரைத் தேர்ந்தது உடலமைப்பில் அது நெருக்கமானது என்பதால். முதல் தலைமுறைக் குட்டிகள் எல்லாவற்றுக்கும் யூரிக் அமிலம் இயல்பாக இருந்தது, புள்ளிகள்தான் சரியில்லை. அவற்றைத் தூய டால்மேஷியனோடு சேர்த்து, பிறந்தவற்றில் சிறுநீர்ச் சோதனையில் தேறியதை மறுபடி டால்மேஷியனோடு சேர்த்து, இப்படியே தொடர்வது பிற்கலப்பு. ஒவ்வொரு ஈற்றிலும் ஏறக்குறையப் பாதிக் குட்டிகள் தேறும். டிஎன்ஏ சோதனை எதுவும் தேவைப்படவில்லை.

தலைமுறைக்குத் தலைமுறை பாயின்டரின் பங்கு பாதியாகக் குறையும். ஐந்தாம் தலைமுறையில் அது 1/32, அதாவது சுமார் 3 சதவீதம். 1981இல் பதிவானவை அந்தத் தலைமுறை நாய்கள். டால்மேஷியன் கிளப்பின் நிர்வாகக் குழு ஆதரித்தது, அமெரிக்கன் கென்னல் கிளப் ஏற்றுக்கொண்டது. உறுப்பினர்கள் கொதித்தெழுந்தார்கள். 1984இல் பொது உறுப்பினர் வாக்கெடுப்பு எதிராகப் போனது. வாரிசுகளின் பதிவு நின்றது.

எதிர்த்தவர்கள் சொன்னதில் சரக்கு இல்லை என்று தள்ளிவிட முடியாது. தங்களைக் கேட்காமல் நிர்வாகம் முடிவெடுத்தது என்ற கோபம் நியாயமானது. பாயின்டரிடமிருந்து வேறு நோய் எதுவும் வந்து சேராதா என்ற கேள்வியும் அப்படியே. புள்ளிகளைப் பற்றிய புகாரும் வெறும் அழகுப் பித்து அல்ல. யூரிக் அமிலம் குறைந்த நாய்களுக்குப் புள்ளிகள் சற்றுச் சிறியனவாகவும், ஓரம் தெளிவற்றும் இருந்தன. தெளிவான பெரிய புள்ளிகளைத் தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தெடுத்தபோது, பக்கத்தில் இருந்த குறையுள்ள மரபணுவும் கூடவே ஒட்டிக்கொண்டு வந்து இனம் முழுக்க நிலைத்துவிட்டது என்று பின்னர் ஆய்வாளர்கள் முன்வைத்த கருதுகோள் இதோடு பொருந்துகிறது. அப்படியானால் நோய் தற்செயலாக வந்ததல்ல; தரவரையறை வரவழைத்தது.

இதற்கு இணையாக டால்மேஷியனின் காதும் ஒரு சாட்சி. அமெரிக்காவில் சோதிக்கப்பட்ட டால்மேஷியன்களில் ஏறக்குறைய 30 சதவீதத்துக்கு ஒரு காதோ இரு காதுமோ கேட்பதில்லை. பிறக்கும்போதே கருந்திட்டோடு வரும் குட்டிகளில் செவிட்டுத்தன்மை குறைவு. ஆனால் அமெரிக்கத் தரவரையறைப்படி திட்டு இருந்தால் போட்டியிலிருந்து தகுதிநீக்கம். வெள்ளையை விரட்டிப் போனால் காது போகும் என்பதை ராஜபாளையம் நாய் வளர்ப்பவர்களிடம் கேட்டாலும் சொல்வார்கள்.

இதே காலகட்டத்தின் இன்னொரு கலப்பு ஒப்புநோக்கத் தக்கது. பிரிட்டிஷ் மரபியலாளர் புரூஸ் கட்டனாக் 1990களில் பாக்ஸர் இனத்தைக் கார்கியோடு கலந்தார். வால் நறுக்குவதற்குத் தடை வரும் என்ற நிலையில், இயற்கையாகவே குட்டை வாலோடு பாக்ஸர் பிறக்க வேண்டும் என்பது நோக்கம். நான்காம் தலைமுறையிலேயே அவற்றை பிரிட்டனின் கென்னல் கிளப் பதிவு செய்தது. கார்கிக்கும் பாக்ஸருக்கும் உருவத்தில் உள்ள தொலைவு, பாயின்டருக்கும் டால்மேஷியனுக்கும் உள்ளதைவிட எத்தனையோ மடங்கு. வாலுக்குக் கிடைத்த சலுகை சிறுநீர்ப்பைக்குக் கிடைக்கவில்லை என்பதை எளிதில் மறக்க முடியவில்லை.

ஒதுக்கப்பட்ட நாய்களின் சாட்சியம்

பதிவு மறுக்கப்பட்ட வம்சம் அழிந்துவிடவில்லை. ஷைபிளும் வேறு சில வளர்ப்பாளர்களும் அதைத் தொடர்ந்தார்கள். அதனால்தான் அடுத்த கட்டம் நிகழ்ந்தது. கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தில் டானிகா பனாஷ் குழுவினர் குறைக்குரிய மரபணுவைத் தேடியபோது, ஒப்பிட்டுப் பார்க்க நோயுள்ளதும் இல்லாததுமான டால்மேஷியன் உறவுகள் தேவைப்பட்டன. தூய இனத்தில் அப்படி ஒன்று கிடையாது. கிளப் ஒதுக்கிய பிற்கலப்பு வம்சமே அந்த ஒப்பீட்டைத் தந்தது. 2006இல் குறை இருக்கும் இடம் மூன்றாம் குரோமோசோம் என்று தெரிந்தது. 2008இல் எஸ்எல்சி2ஏ9 என்ற மரபணுவில் ஒற்றை எழுத்து மாற்றம்தான் காரணம் என்று ஆய்வு வெளியானது. அதே மரபணு மனிதர்களின் யூரிக் அமில அளவையும் பாதிக்கிறது என்பதால் மருத்துவ உலகமும் திரும்பிப் பார்த்தது. புல்டாக், பிளாக் ரஷியன் டெரியர் இனங்களின் சில நாய்களிலும் அதே மாற்றம் இருந்தது.

2008 வேறொரு வகையிலும் திருப்புமுனை. ஆகஸ்ட் 19 அன்று பிபிசி ஒளிபரப்பிய ‘பெடிக்ரீ டாக்ஸ் எக்ஸ்போஸ்ட்’ என்ற ஆவணப்படம் ஜாதி நாய்களின் பரம்பரை நோய்களைப் பொதுமக்கள் முன் வைத்தது. ஆண்டு முடிவதற்குள் பிபிசி க்ரஃப்ட்ஸ் கண்காட்சியின் ஒளிபரப்பிலிருந்து விலகியது. 2009 தொடக்கத்தில் கென்னல் கிளப் தரவரையறைகளைத் திருத்தியது. பெற்றோர்–குட்டி, உடன்பிறப்பு இணைகளுக்குப் பிறந்தவற்றைப் பதிவு செய்வதையும் நிறுத்தியது. 2010 ஜனவரியில் நாய் இனப்பெருக்கத்தை ஆராய்ந்த பேட்சன் அறிக்கை வந்தது. அந்த ஆண்டே அமெரிக்காவிலிருந்து வந்த ஃபியோனா என்ற பிற்கலப்பு டால்மேஷியனை, டால்மேஷியன் கிளப்புகளின் ஆட்சேபத்தையும் மீறிக் கென்னல் கிளப் பதிவு செய்தது. 2011இல் அமெரிக்காவில் டால்மேஷியன் கிளப் உறுப்பினர்களும் ஆதரவாக வாக்களிக்க, அமெரிக்கன் கென்னல் கிளப் கதவைத் திறந்தது.

ஆவணப்படத்தின் நெருக்கடி இந்த மாற்றத்தை விரைவுபடுத்தியது என்பதில் ஐயமில்லை. ஆனால் டிஎன்ஏ சோதனைக்கும் இதில் பங்கு உண்டு என்று நினைக்கிறேன். அதுவரை விவாதம் ‘எத்தனை பங்கு பாயின்டர் ரத்தம்’ என்ற கணக்கில் நடந்தது. சோதனை வந்தபின் பேச்சு ஒற்றை மரபணுவைப் பற்றியதாயிற்று. பதிவேடு பதியும் வம்சத்துக்குப் பக்கத்தில் நாயின் உடலைப் பற்றியும் ஒரு வரி எழுத முடிந்தது. இன்றும் அந்தச் சோதனை எல்லா டால்மேஷியனுக்கும் கட்டாயம் ஆக்கப்படவில்லை. யூரிக் அமிலம் மிகுந்த நாய்களும் முன்போலவே பதிவாகின்றன.

இந்த வெற்றியை மற்ற இனங்களுக்கு அப்படியே பெயர்த்து வைக்க முடியாது. காவலியர் கிங் சார்ல்ஸ் ஸ்பானியலை எடுத்துக்கொள்வோம். இதய வால்வு நோயும், மூளைக்கு மண்டையோட்டில் இடம் போதாமல் தண்டுவடத்தில் நீர்ப்பை உருவாகும் கோளாறும் அந்த இனத்தில் பரவலாக உள்ளன. நார்வேயில் விலங்குநல அமைப்பு தொடுத்த வழக்கில், ஓஸ்லோ மாவட்ட நீதிமன்றம் 2022 ஜனவரியில் காவலியர், இங்கிலீஷ் புல்டாக் இரண்டின் இனப்பெருக்கமும் விலங்குநலச் சட்டத்துக்கு முரண் என்றது. மேல்முறையீட்டில் புல்டாக் தப்பியது. காவலியரைப் பற்றிய முடிவை 2023 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் உறுதிசெய்தது. ஆனால் காவலியரின் நோய்களுக்குப் பின்னால் ஒற்றை மரபணு இல்லை, பல உண்டு. ஒரு பாயின்டரைப் போல ஒரே ஒரு வெளி நாயைக் கொண்டுவந்து, ஐந்து தலைமுறையில் அதன் சாயலை அழித்துவிடும் வழி இங்கே உதவாது. சாயலோடு நலமும் சேர்ந்தே கரைந்துபோகும். டால்மேஷியன் குட்டியின் சிறுநீரைச் சில வாரங்களில் சோதித்துவிடலாம். காவலியரின் வால்வோ பல ஆண்டுகள் கழித்துத்தான் தன் நிலையைக் காட்டுகிறது. தாய், தந்தையின் இதயம் ஐந்து வயதிலும் சீராக இருந்தால் மட்டும் குட்டிகளைப் பெருக்குங்கள் என்று மருத்துவர்கள் வகுத்த நெறிமுறை நெடுநாளாக உண்டு. அதைக் கடைப்பிடிப்பது பல நாடுகளில் இன்னும் வளர்ப்பாளரின் விருப்பத்தைப் பொறுத்தே இருக்கிறது.